ஐ.டி. கார்டில் விட்டுப்போன ஒரு வரி



சங்கம மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, "நான் மெக்கானிக்கல்காரன் சார், எனக்கு எழுத வராது" என்று நழுவப் பார்த்தேன். "ஹாஸ்டல் நினைவுகள் எழுதுப்பா, மெஸ் சாம்பார் பற்றி எழுது" என்றார்கள். மெஸ் சாம்பாரைப் பற்றிப் போன மலரிலேயே மூன்று பேர் எழுதிவிட்டார்கள். அதற்கு மேல் அந்தச் சாம்பாரில் சொல்ல ஒன்றும் இல்லை.

நினைவுகளைத் தேடி, ஊரில் அப்பா வீட்டுப் பரணிலிருந்து என் பழைய டிரங்குப் பெட்டியை இறக்கினேன். டிராஃப்டர், ஹால் டிக்கெட்டுகள், எண்ணெய்க் கறை படிந்த வொர்க்ஷாப் ரெக்கார்டு, எல்லாவற்றுக்கும் அடியில் என் ஐ.டி. கார்டு. அரும்பு மீசையோடு ஒரு போட்டோ. பெயர், ரோல் நம்பர், பிரிவு, வீட்டு விலாசம். கடைசி வரியில் ரத்த வகை. திருப்பிப் பார்த்தேன். கார்டு தொலைந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், டூப்ளிகேட் வாங்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று நாலு வரி அச்சடித்திருந்தது.

அந்த ரத்த வகை வரியைப் பார்த்ததும் எனக்கு 2009-ஆம் வருடத்து ராத்திரி ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன். நான் இப்போது வேலை செய்யும் தொழிற்சாலையிலும் ஹெல்மெட்டில் ரத்த வகை ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். பாதுகாப்புக் குழுவில் நானும் ஒருவன் என்பதால், ஸ்டிக்கர் உரிந்த ஹெல்மெட்டோடு வருகிறவர்களைப் பிடித்து நிறுத்துவதும் என் வேலைதான். ஆனால் இந்த வரி எங்கிருந்து வந்தது, நம் கார்டில் எப்படி ஏறியது என்று நான் யோசித்ததே இல்லை. யோசித்துத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வரலாறு படித்தவர்கள் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்!

கோட்டின் முதுகில் ஒரு சீட்டு

அமெரிக்க உள்நாட்டுப் போர். 1864 ஜூன் மாதம், வர்ஜீனியா மாநிலத்தில் கோல்ட் ஹார்பர் என்ற இடம். மறுநாள் விடியற்காலையில் எதிரியின் பதுங்கு குழிகளை நேருக்கு நேர் தாக்க வேண்டும் என்று உத்தரவு. தளபதி கிராண்டின் உதவியாளராக இருந்த ஹோரஸ் போர்ட்டர் என்ற அதிகாரி முந்தின நாள் மாலை முகாமைச் சுற்றி வந்தபோது, சிப்பாய்கள் பலர் கோட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு ஏதோ செய்வதைக் கண்டார். கிழிசல் தைக்கிறார்கள் போல என்று நினைத்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. காகிதத் துண்டில் தங்கள் பெயரையும் வீட்டு விலாசத்தையும் எழுதி, கோட்டின் முதுகுப்புறத்தில் குத்திக்கொண்டிருந்தார்கள். செத்தால் யார் என்று தெரிய வேண்டும், வீட்டுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முந்தைய வருடம், 1863-ல், மைன் ரன் என்ற இடத்திலும் சிப்பாய்கள் இப்படிச் செய்திருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, இப்படிச் செய்யச் சொல்லி எந்த ராணுவ உத்தரவும் இல்லை. தனக்கு என்ன நேரலாம் என்று தெரிந்தவன், தன்னைத் தெரியாத ஒருவனுக்காகத் தானே எழுதி வைத்த சீட்டு அது.

அமெரிக்க ராணுவம் அலுமினிய வில்லையை அதிகாரபூர்வமாகக் கொண்டுவந்தது 1906-ல். அப்புறம் ஒரு சங்கடம் வந்தது. ஒரே வில்லைதான் இருக்கிறது. கணக்கு எழுத அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டால், கிடக்கிற உடலுக்கு அடையாளம் போய்விடும். வில்லையை உடலோடு விட்டால் அலுவலகத்துக்குக் கணக்கு போகாது. அதனால் 1916-ல் இரண்டாவது வில்லை சேர்ந்தது. பிரிட்டிஷ் ராணுவமும் அதே 1916-ல் பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று என்று இரண்டு நார் வில்லைகளுக்கு மாறியது. ஒன்று ஆளோடு இருக்கும், இன்னொன்று ஆபீசுக்குப் போகும். ஒரே தகவலை இரண்டு இடத்தில் வை என்று நமக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்த பாடத்தை அவர்கள் போர்க்களத்தில் படித்திருக்கிறார்கள். அந்த முதல் உலகப் போரில் நம் நாட்டிலிருந்து போனவர்களும் ஏராளம். பிரான்சில் நெவ் ஷப்பேல் என்ற ஊரில் இந்தியர்களுக்கான நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. 4,700-க்கும் மேற்பட்ட பெயர்கள். பெயர்தான் இருக்கிறது, யார் எங்கே புதைந்திருக்கிறார் என்பது தெரியாது.

தகட்டில் ரத்தம் ஏறிய கதை

இதுவரை அந்த வில்லை இறந்தவனுக்காக மட்டுமே பேசியது. உயிரோடு இருப்பவனுக்காகவும் அது பேச ஆரம்பித்ததற்குக் காரணம் கார்ல் லாண்ட்ஸ்டைனர். வியன்னாவில் வேலை செய்த இவர், மனித ரத்தத்தில் வகைகள் உண்டு, ஒன்றோடு ஒன்று சேராதவையும் உண்டு என்று 1901-ல் வெளியிட்டார். இதற்காக 1930-ல் நோபல் பரிசு வாங்கினார். ரத்தம் ஏற்றுவது யோகத்தைப் பொறுத்தது என்ற நிலை மாறி, கணக்குப் பார்த்துச் செய்கிற வைத்தியம் ஆயிற்று.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாயின் கழுத்துத் தகட்டைப் பார்த்தால், பெயர், எண் இவற்றோடு ரத்த வகையும், டெட்டனஸ் தடுப்பூசி போட்ட வருடமும், மதத்துக்கு ஓர் எழுத்தும் பொறித்திருக்கும். அந்தத் தகட்டின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு உண்டு. இறந்தவனின் பற்களுக்கு நடுவே தகட்டைச் செருகி நிறுத்தத்தான் அந்த வெட்டு என்று ஒரு பயங்கரக் கதை உலவுகிறது. உண்மை அதைவிடச் சாதாரணம். அச்சு இயந்திரத்தில் தகட்டைப் பிசகாமல் பொருத்த வைத்த வெட்டு அது. மெக்கானிக்கல்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும்!

ஜெர்மனியில் எஸ்.எஸ். படையினர் இன்னும் ஒரு படி மேலே போய், இடது கையின் உட்புறம், அக்குளுக்குச் சற்றுக் கீழே, ரத்த வகையைப் பச்சை குத்திக்கொண்டார்கள். தகடு தொலையலாம், தோல் தொலையாது அல்லவா? ஆனால் போர் முடிந்ததும் நேச நாட்டு வீரர்கள் கைதிகளின் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார்கள். காப்பாற்றுவதற்காகக் குத்திய எழுத்தே காட்டிக்கொடுத்தது. அவர்கள் செய்ததற்கு அது நியாயம்தான். என்றாலும் ஒரு விஷயத்தை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். உடம்பில் எழுதிய தகவலை யார் படிப்பார்கள் என்பது எழுதியவன் கையில் இல்லை.

இந்த யோசனை அதோடு முடிந்துவிடவில்லை. 1950-களின் தொடக்கத்தில், அணுகுண்டு பயத்தில் இருந்த அமெரிக்காவில், சாதாரண ஜனங்களுக்கே ரத்த வகையைப் பச்சை குத்தலாம் என்று கிளம்பினார்கள். சிகாகோவில் இதை முன்வைத்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் ஆண்ட்ரூ ஐவி. நாஜி டாக்டர்கள் மீது நியூரம்பர்க்கில் நடந்த வழக்கில் சாட்சி சொன்னவர் இவர். யோசனையே அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று கருதுவோர் உண்டு. இண்டியானா மாநிலத்தின் லேக் கவுண்டியில் 1952-ல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே குத்தினார்கள். கைகால்கள் குண்டுவெடிப்பில் போய்விடலாம் என்று விலாப்புறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று படித்தபோது, என் ஐந்து வயது மகளை நினைத்து வயிறு கலங்கிவிட்டது.

சில வருடங்களில் திட்டம் அடங்கிப் போனது. பச்சையில் எழுதியிருப்பதை நம்பி டாக்டர்கள் ரத்தம் ஏற்றத் தயாராக இல்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். எழுதும்போது பிழை வந்திருந்தால்? இன்றும் அப்படித்தான். நம் ஐ.டி. கார்டைப் பார்த்து எந்த டாக்டரும் ரத்தம் ஏற்ற மாட்டார். சாம்பிள் எடுத்து, வகை பார்த்து, கிராஸ் மேட்சிங் செய்த பிறகுதான் ஏற்றுவார். அதற்கும் நேரமில்லாத ஆபத்தென்றால் ஓ நெகட்டிவ். அப்படியானால் நாம் இத்தனை சிரத்தையாக அச்சடித்து, லேமினேட் செய்து, ஹெல்மெட்டில் ஒட்டி வைத்திருக்கும் அந்த ஒரு வரி, ஆபத்து நேரத்தில் டாக்டர் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும் வரி! ரத்தம் தேவைப்படும்போது கொடுக்க ஆள் தேடுவதற்கு அது உதவும். அதை நான் குறை சொல்லவில்லை. கேள்வி என்னவென்றால், டாக்டரால் உடனே கண்டுபிடிக்க முடியாத வரி எது?

டர்லாக் ஊர் டாக்டரின் மகள்

இந்தக் கேள்விக்குப் பதில் ராணுவத்திலிருந்து வரவில்லை. ஒரு வீட்டிலிருந்து வந்தது.

கலிபோர்னியாவில் டர்லாக் என்று ஒரு சிற்றூர். அங்கே மேரியன் காலின்ஸ் என்ற டாக்டர். அவருடைய மகள் லிண்டாவுக்கு 1953-ல் விரலில் வெட்டுக்காயம். அந்தக் காலத்தில் இப்படிக் காயம் பட்டால் டெட்டனஸ் எதிர்ப்பு சீரம் போடுவார்கள். பெஹ்ரிங், கிடசாட்டோ இருவரும் 1890-ல் காட்டிய வழி அது. குதிரைக்கு நஞ்சைச் சிறுகச் சிறுகக் கொடுத்து, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து. குதிரைச் சீரம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதும் தெரிந்ததே. அதனால் முதலில் துளியளவு வைத்துச் சோதித்துப் பார்ப்பார்கள். லிண்டாவுக்கு அந்தச் சோதனை அளவே எமனாக வந்தது. மூச்சு அடைத்து, ரத்த அழுத்தம் விழுந்து, சாவின் வாசல்வரை போய்த் திரும்பினாள். அனஃபிலாக்சிஸ் என்று இதற்குப் பெயர். 1902-ல் பெயர் வைத்த சார்ல்ஸ் ரிஷே 1913-ல் நோபல் பரிசு பெற்றார். பெயரெல்லாம் தெரிந்திருந்தது. இந்தப் பெண்ணுக்கு அது வரும் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

பெண் பிழைத்துவிட்டாள். ஆனால் அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. நாளைக்கு வேறெங்கோ விழுந்து அடிபட்டு நினைவில்லாமல் கிடந்தால்? டாக்டர் நல்ல மனதோடு, முறைப்படி, அதே சீரத்தைத்தானே போடுவார்? அதனால் அவள் வெளியூர் போகும்போதெல்லாம் ஒரு காகிதத்தில் விவரம் எழுதிக் கையில் கட்டி, கோட்டிலும் ஒரு சீட்டுக் குத்தி அனுப்பினார்களாம். கோல்ட் ஹார்பர் சிப்பாய் செய்த அதே வேலை!

பெண் வளர்ந்து கல்லூரிக்குக் கிளம்பும் நாள் வந்தது. காலேஜ் போகிற பெண் கோட்டில் சீட்டுக் குத்திக்கொண்டு போவாளா? அதனால் சான் பிரான்சிஸ்கோ நகைக்காரர் ஒருவரிடம் சொல்லி வெள்ளியில் ஒரு கைச்சங்கிலி செய்தார்கள். முன்பக்கம் பாம்பு சுற்றிய கோல், அதாவது வைத்தியச் சின்னம். பின்பக்கம் சல்ஃபா மருந்தும் டெட்டனஸ் சீரமும் ஒத்துக்கொள்ளாது என்ற விவரம். பார்க்க நகை, திருப்பினால் எச்சரிக்கை. காலின்ஸ் தம்பதி 1956-ல் இதையே ஒரு லாப நோக்கில்லாத அமைப்பாக ஆரம்பித்தார்கள். அதுதான் மெடிக்அலர்ட்.

எனக்குப் பிடித்த விஷயம் அதன் அமைப்பு. சங்கிலியில் இடம் கொஞ்சம். அதில் மிக முக்கியமான இரண்டு மூன்று சொற்கள், ஓர் உறுப்பினர் எண், ஒரு போன் நம்பர். மற்ற விவரமெல்லாம் மைய அலுவலகக் கோப்பில். எந்த ஊரிலிருந்தும், எந்த நேரத்திலும் டாக்டர் கூப்பிடலாம். கால் கட்டணத்தை அலுவலகமே ஏற்றுக்கொள்ளும். கம்ப்யூட்டர் வீட்டுக்கு வராத காலத்தில் இது எப்பேர்ப்பட்ட யோசனை! உடம்போடு ஒன்று, ஆபீசில் ஒன்று. 1916-ன் இரட்டை வில்லைதான் மறுபடியும்.

அப்புறம் ஆளுக்கொரு சின்னம் வைத்தால் ஆம்புலன்ஸ்காரர் எதைத் தேடுவார் என்ற பிரச்சினை வந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963-ல் ஆறு முனை நட்சத்திரத்துக்குள் பாம்புக் கோலை வைத்து ஒரு பொதுச் சின்னம் வெளியிட்டது. அடுத்த வருடம் உலக மருத்துவச் சங்கமும் ஏற்றுக்கொண்டது. இதையே ஒட்டி 1973-ல் லியோ ஷ்வார்ட்ஸ் என்பவர் ஆம்புலன்ஸ்களுக்காக ஒரு நீல நட்சத்திரம் வரைந்தார். இன்று நம் ஊரிலும் பல ஆம்புலன்ஸ்களில் பார்க்கிறோமே, அதுதான். அதன் ஆறு கைகளுக்கும் ஆறு அர்த்தம் உண்டு: கண்டுகொள்வது, தகவல் சொல்வது, வந்து சேர்வது, அங்கேயே கவனிப்பது, வழியில் கவனிப்பது, ஆஸ்பத்திரியில் ஒப்படைப்பது. முதலாவது கண்டுகொள்வது. நமக்கு அந்த ராத்திரி தவறியதும் அதுதான்.

எங்கள் ரூமில் நடந்தது

என் அறைத்தோழனுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து சர்க்கரை நோய். மாத்திரைச் சர்க்கரை கிடையாது. தினமும் இன்சுலின் ஊசி. ஹாஸ்டலில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஜன்னல் பக்கம் மண்பானையில் தண்ணீருக்கு நடுவே ஒரு டப்பா மிதக்கும், அதற்குள் மருந்து. யாராவது கேட்டால் "சைனஸ் மருந்துடா" என்பான். முதல் வாரமே என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டான். "யாருகிட்டயும் சொல்லிடாதடா. எங்க ஊர்ல தெரிஞ்சா தங்கச்சிக்குக் கல்யாணம் நடக்காது. வீட்லயே சுகர்னு கேட்பாங்க." நானும் அதை நட்பு என்று நினைத்துக் காப்பாற்றினேன்.

2009 ஜனவரி, மூன்றாம் வருடம். சனிக்கிழமை டவுனுக்குப் போனவன், மெஸ் மூடுவதற்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, பஸ் ஸ்டாண்டு பாத்ரூமிலேயே ஊசி போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறான். ரூமில் போட்டால் யாராவது பார்த்துவிடுவார்களே! வழியில் டயர் பஞ்சர். ஊசி உள்ளே போய்விட்டது, சாப்பாடு போகவில்லை. வேர்த்துக் கொட்டி, வாய் குழறி, டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் கோபமாக ஏதோ உளறியிருக்கிறான். ரத்தத்தில் சர்க்கரை விழுந்தால் அப்படித்தான் ஆகும். பார்ப்பவர்களுக்குக் குடிகாரன் மாதிரிதான் தெரியும். நம் ஸ்டாப்புக்கு மூன்று ஸ்டாப் முன்னாலேயே இறக்கிவிட்டார்கள்.

நிழற்குடை பெஞ்சில் விழுந்து கிடந்தான். செல்போனில் சார்ஜ் இல்லை. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. ஆனால் குடித்துவிட்டுக் கிடப்பவனுக்கு யார் 108 கூப்பிடுவார்கள்? ரொம்ப நேரம் கழித்து ஓர் ஆட்டோக்காரர் அவன் பாக்கெட்டிலிருந்து கார்டை எடுத்துப் பார்த்து, காலேஜ் பையன் என்று கேட் வரை கொண்டுவந்து சேர்த்தார். அந்த மனிதருக்கு இன்றும் நான் மனதுக்குள் கும்பிடு போடுகிறேன். கேட்டிலும் அதே கதைதான். "போதை தெளியட்டும், காலைல பார்த்துக்கலாம்" என்று வாட்ச்மேன் அறைக்கு வெளியே படுக்க வைத்திருக்கிறார்கள். அங்கேயே வலிப்பு வந்தது. செய்தி கேட்டு நான் ஓடியபோது மணி பத்தரை. அவன் கண் சொருகியிருந்தது, வாயோரம் ரத்தம். "சார், இவன் குடிக்கலை! இவனுக்குச் சுகர் சார்! இன்சுலின் போடறான் சார்!" என்று கத்தினேன். மூன்று வருடம் காப்பாற்றிய சத்தியம் மூன்று நொடியில் உடைந்தது.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியதும் மெள்ள நினைவு வந்தது. நினைவில்லாதவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வலிப்பில் விழுந்து முன்பல் இரண்டு போயிருந்தது. அந்த செமஸ்டர் பரீட்சையில் பாதி எழுதவில்லை. குடித்ததாக எழுதி வைத்த மெமோவை வார்டனே கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா" என்று அவர் கேட்டது அவனையா, என்னையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நண்பன் சொன்னதும் மறக்கவில்லை. பல் போன வாயோடு சிரித்துக்கொண்டே சொன்னான்: "கார்டுல என் பேரு இருந்துச்சு, ரோல் நம்பர் இருந்துச்சு, பிளட் குரூப் கூட இருந்துச்சு. எனக்கு என்னன்னு மட்டும் இல்லடா."

போனும் சில்லும்

இதற்குப் பிறகு தொழில்நுட்பம் எவ்வளவோ வந்துவிட்டது. இங்கிலாந்தில் பாப் பிரோச்சி என்ற ஆம்புலன்ஸ் ஊழியர் 2005-ல் ஒரு யோசனை சொன்னார். செல்போனில் ஆபத்துக்குக் கூப்பிட வேண்டியவர் எண்ணை 'ஐஸ்' என்ற மூன்றெழுத்துப் பெயரில் பதிந்து வையுங்கள் என்றார். அந்த ஜூலையில் லண்டன் ரயில்களிலும் பஸ்ஸிலும் குண்டு வெடித்த பிறகு இது உலகமெங்கும் பரவியது. அப்புறம் எல்லோரும் போனைப் பூட்ட ஆரம்பித்தோம்; பூட்டிய போனுக்குள் இருக்கும் எண்ணால் யாருக்கு லாபம்? 2014-ல் ஐபோனிலும், 2016-ல் ஆண்ட்ராய்டிலும், பூட்டைத் திறக்காமலே மருத்துவ விவரம் பார்க்க வசதி வந்தது. நம்மில் எத்தனை பேர் அதை நிரப்பி வைத்திருக்கிறோம்? கையைத் தூக்கச் சொன்னால் நானே போன மாதம்தான் தூக்கியிருப்பேன்.

அமெரிக்காவில் 2004-ல், அரிசி அளவு சில்லைத் தோலுக்கடியில் புதைத்துக்கொள்ள வெரிசிப் என்ற கம்பெனிக்கு அனுமதி கிடைத்தது. அதில் 16 இலக்க எண் மட்டும் இருக்கும். படிக்கத் தனிக் கருவி வேண்டும். கருவி எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை, எண்ணால் தன்னை யாராவது பின்தொடர்வார்களோ என்று ஜனங்களுக்குப் பயம். 2010-ல் விற்பனை நின்றது. பச்சை குத்திய கதைதான் திரும்பவும். பிரிட்டனில் லயன்ஸ் சங்கத்தார் செய்தது இதற்கு நேர் எதிர். சின்னப் பிளாஸ்டிக் புட்டியில் விவரச் சீட்டைப் போட்டு வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்கிறார்கள். ஃப்ரிட்ஜிலும் வாசல் கதவின் உட்புறமும் பச்சைச் சிலுவை ஸ்டிக்கர். எல்லா வீட்டிலும் ஃப்ரிட்ஜ் இருக்கிறது, எங்கே என்று தேட வேண்டாம். இந்தக் காசில்லாத யோசனை எனக்குச் சில்லைவிட ஒசத்தியாகப் படுகிறது.

என்ஜினியர் புத்தியோடு பார்த்தால் இந்த நூற்றறுபது வருடக் கதையில் தேறியவற்றுக்கெல்லாம் மூன்று குணம் பொதுவாக இருக்கிறது. தெரியாதவன் கண்ணில் பட வேண்டும். கருவியோ கரண்டோ இல்லாமல் படிக்க முடிய வேண்டும். எழுதிக்கொள்பவன் மனமுவந்து எழுதியிருக்க வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம். லிண்டாவின் பெற்றோர் சீட்டை நகையாக மாற்றியதன் ரகசியமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு வேண்டுகோள்

தம்பி தங்கைகளே, உங்களில் யாருக்காவது இன்சுலின், வலிப்பு, பென்சிலின் போன்ற மருந்து ஒவ்வாமை, ஹீமோஃபீலியா, வீட்டில் நீண்ட நாள் ஸ்டீராய்டு என்று ஏதாவது இருக்கலாம். ஊருக்கே சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உங்கள் ரகசியம் உங்களுடையது. ஆனால் உடம்போடு ஒரு வரி இருக்கட்டும், ரூமில் ஒருவனுக்குத் தெரிந்திருக்கட்டும். அந்த ஒருவனாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: எப்போது சத்தியத்தை உடைக்க வேண்டும் என்பதையும் அன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சீனியர்களே, நமக்கும் வயசாகிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, இதயத்தில் ஸ்டென்ட், பேஸ்மேக்கர் எல்லாம் வரிசையாக வரும். அதையும் எழுதுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் படிப்பது இரண்டாவது. நம் ஊரில் முதலில் படிக்கப் போவது ஓர் ஆட்டோக்காரரோ பூக்கார அம்மாவோதான். வருடம் ஒருமுறை திருத்துங்கள். பழைய தகவல் சில சமயம் தகவலே இல்லாததைவிட மோசம்.

என் நண்பன் இப்போது எஃகுக் காப்பு ஒன்று போட்டிருக்கிறான். முன்பக்கம் ஆங்கிலத்தில் நோயின் பெயரும் மனைவியின் போன் நம்பரும். பின்பக்கம் தமிழில்: 'சர்க்கரை நோய். இன்சுலின் போடுகிறேன். குடிக்கவில்லை. நினைவிருந்தால் சர்க்கரை கொடுங்கள். இல்லாவிட்டால் 108.' தங்கைக்கும் கல்யாணம் நடந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் எல்லாம் சொல்லித்தான் நடந்தது.

இந்தச் சங்கமத்தில் பதிவு மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன மேஜை போட்டுக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறேன். பர்சில் வைக்கும் அளவில் வெற்று அட்டைகள் இருக்கும், பேனாவும் இருக்கும். நிரப்ப இரண்டு நிமிடம். ஐ.டி. கார்டின் பின்பக்கத்தில், டூப்ளிகேட் கட்டண வரிக்கு மேலே, இந்த ஒரு வரிக்கும் இடம் விடும்படி கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு கடிதமும் அங்கேயே இருக்கும். விருப்பமுள்ளவர்கள் கையெழுத்துப் போடலாம்.

மேஜையில் என்னோடு அவனும் உட்கார்ந்திருப்பான். இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் முன் அவனிடம் படித்துக் காட்டினேன். எதையும் மாற்றச் சொல்லவில்லை. "பேரு மட்டும் புத்தகத்துல போடாதடா. நேர்ல வர்றவங்களுக்கு நானே சொல்லிக்கிறேன்" என்றான்.

வாருங்கள், சந்திப்போம்.

– 2006–2010 மெக்கானிக்கல் பிரிவு மாணவன்